எஃப்எஃப்பிளேயில் கமரா படம் பிந்தி வருகிறது, வழி சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் வயல் ஓரத்தில் ஐபி கமரா ஒன்று பூட்டியிருக்கிறோம். கதிர் முற்றும் நேரம் இரவில் யானை இறங்கினால் வீட்டிலிருந்தே பார்க்கத்தான். வீட்டில் இருப்பது உபுண்டு போட்ட பழைய மடிக்கணினி, இரண்டாம் தலைமுறை ஐ3. கட்டளை வரியில் எஃப்எஃப்பிளே என்ற வீடியோ பிளேயருக்கு கமராவின் ஆர்டிஎஸ்பி (நேரலைப் படம் வரும்) முகவரியைக் கொடுத்துப் பார்க்கிறேன்.

முதலில் படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இழுபட்டது. தவறியதைத் திரும்ப அனுப்பாத யூடிபி முறையில் தரவுப் பொதிகள் தவறியதுதான் காரணம். திரும்ப அனுப்பும் டிசிபிக்கு மாற்றியதும் சரி. இப்போது பிரச்சினை தாமதம். போகப் போகப் படம் பின்தங்குகிறது. யானை வயலுக்குள் வந்த பிறகும் திரையில் வேலியடியில்தான் நிற்கிறது. பிறகு யானைவெடி கொளுத்தி என்ன பயன்?

கமரா படத்தை எச்.265 என்ற சுருக்க முறையில் அனுப்புகிறது. இந்தச் சிப்பில் அதற்கு வன்பொருள் டிகோடிங் (சுருக்கியதை விரிக்கும் வசதி) இல்லை, சிபியு முழுக்க அதற்கே போகிறது. படத்தைச் சேர்த்து வைக்காமல் காட்டச் சொல்லும் நோபஃபர் போட்டும் பெரிய மாற்றமில்லை. பதிவது மட்டும் சுகம்: எஃப்எஃப்பிளேயின் கூட்டாளியான எஃப்எஃப்எம்பெக்கில் கோடெக் காப்பி (வந்தபடியே நகலெடு) கொடுத்தால் டிகோட் செய்யாமலே கோப்பில் விழுகிறது.

கமரா தரும் சிறிய இரண்டாம் படமான சப் ஸ்ட்ரீமை பழைய சுருக்க முறையான எச்.264க்கு மாற்றிப் பார்ப்பதா, பிந்திய ஃபிரேம்களைக் கைவிடும் ஃபிரேம்டிராப் போட்டுச் சமாளிப்பதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கோ. இருட்டில் வேலிக்கம்பி தெரியுமளவு தெளிவு இருந்தால் போதும்.