புது அலுமினிய அச்சுக்குக் கரிப்புகை பிடிக்க வேண்டுமா, வேண்டாமா?

காவேரிப்பாக்கம் வலைக்காரர்:
வணக்கம். வீச்சு வலைக்கு ஈயக்குண்டு வார்க்க, ராணிப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் இரண்டு பாகமாகத் திறக்கும் அலுமினிய அச்சு செய்து வாங்கியிருக்கிறேன். குண்டின் நடுவில் துளை விழ எஃகுக் கம்பி செருகும்படி அமைப்பு. ஏரிக்கரையில் பெரியவர் ஒருவர், "சிம்னி விளக்கில் உள்ளே கரி ஏற்றிவிட்டு ஊற்று" என்கிறார். பட்டறைக்காரரோ அப்படியே ஊற்றலாம் என்கிறார். எது சரி?

ஆற்காடு வார்ப்புக்காரர்:
பெரியவர் சொன்னதுதான் சரி தம்பி. எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து கரி ஏற்றாமல் எந்த அச்சிலும் ஊற்றியதில்லை. மெழுகுவத்தியோ மண்ணெண்ணெய் விளக்கோ போதும். உள்ளே மெல்லிய கரிப்படலம் இருந்தால் ஈயம் உடனே உறையாமல் மூலை முடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். குண்டும் ஒட்டாமல் கழன்று விழும்.

சத்துவாச்சாரி டூல்ரூம்:
அண்ணே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் புது அச்சுக்கு இது முதல் வேலை இல்லை. மில்லிங் செய்யும்போது ஊற்றிய எண்ணெய் உள்ளே படிந்திருக்கும். அதன் மேல் கரி ஏற்றினால் எண்ணெய் அடியிலேயே இருக்கும். சூடான ஈயம் பட்டதும் அது ஆவியாகி, குண்டின் மேல் சுருக்கமும் குழியுமாக வரும். அப்போது கரி போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஏற்றுவோம். கோளாறு அப்படியே இருக்கும்.

வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நன்றாகத் தேயுங்கள். காற்று வெளியேறக் கீறியிருக்கும் மெல்லிய கோடுகளை விடாதீர்கள். அவை அடைபட்டால் குண்டு முழுதாக நிரம்பாது. பிறகு தின்னர் தொட்ட துணியால் துடையுங்கள், அடுப்புப் பக்கமே போகாமல். விளிம்பில் பிசிறு இருந்தால் மூங்கில் குச்சியால் நீக்குங்கள். எமரித்தாள் வேண்டாம், விளிம்பு மழுங்கி இரண்டு பாகத்துக்கும் நடுவில் ஈயம் கசியும்.

அப்புறம் சூடு. ஈயம் 327 டிகிரியில் உருகும். 380 டிகிரி அளவில் ஊற்றினால் நன்றாக ஓடும். அச்சு குளிர்ந்திருந்தால் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சுருக்கம் விழும். புதுத் தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான், முதலில் வருபவை சரியாக வராது. அவற்றைத் திரும்பச் சட்டியில் போட்டு உருக்கிக்கொள்ளலாம். குண்டின் மேல் வெண்மையாகப் பூத்தாற்போல் தெரிந்தால் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம், சற்று ஆறவிடுங்கள்.

ஆற்காடு வார்ப்புக்காரர்:
சுத்தம் செய்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் கரி வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். வெளிநாட்டில் துப்பாக்கித் தோட்டா வார்ப்பவர்கள் சொல்வதைப் படித்துவிட்டுத்தான் பலர் இப்படிப் பேசுகிறார்கள். கரிப்படலம் படிந்தால் தோட்டாவின் விட்டம் குறையும், குழலில் சரியாகப் பொருந்தாது என்பது அவர்கள் கவலை. நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் யாரும் அந்த வேலையைத் தொடவே கூடாது. வலைக் குண்டு ஒரு மயிரிழை சிறுத்தால் மீனுக்குத் தெரியுமா?

சத்துவாச்சாரி டூல்ரூம்:
விட்டம் பற்றி நீங்கள் சொல்வது நியாயம், அதில் வாதம் இல்லை. என் கவலை வேறு. கரி ஏற்றிப் பழகினால் அச்சில் இருக்கும் உண்மையான குறை தெரியாமலே போகும். குண்டு ஒட்டுகிறது என்றால் எங்கோ பிசிறு இருக்கிறது. அதைத் தேடி எடுத்துவிட்டால் பிறகு எத்தனை முறை ஊற்றினாலும் ஒட்டாது. கரியோ ஊற்ற ஊற்றத் தேயும், திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும்.

குடியாத்தம் செல்வி:
கரியைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! சோப்புப் போட்டுக் கழுவிய அச்சில் ஒரு சொட்டு ஈரம் மிச்சமிருந்தாலும் உருகிய ஈயம் வெடித்துத் தெறிக்கும். முகத்துக்கும் கண்ணுக்கும் ஆபத்து. அடுப்புச் சூட்டில் அச்சை நன்றாக உலர்த்திய பிறகுதான் ஊற்ற வேண்டும். கண்ணாடி, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு இல்லாமல் உட்காராதீர்கள். சூடான அச்சைத் தண்ணீரில் முக்கவும் கூடாது.

பழைய பேட்டரித் தகட்டை உருக்காதீர்கள். அதில் அமிலமும் ஆன்டிமனியும் ஆர்சனிக்கும் இருக்கும், விஷ வாயு கிளம்பும். 2022 பேட்டரிக் கழிவு விதிகள் வந்த பிறகு அதை முறைப்படி திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். வண்டிச் சக்கரத்தில் ஒட்டும் எடைக்கட்டி வாங்கினால் அதில் துத்தநாகக் கட்டியும் கலந்திருக்கலாம். அது 419 டிகிரியில்தான் உருகும். சட்டியை 400க்குள் வைத்தால் துத்தநாகம் மேலே மிதக்கும், கரண்டியால் தள்ளி எடுத்துவிடலாம். வீட்டுச் சமையலறையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். சட்டி, கரண்டி எதுவும் மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது. கசடின் தூசிகூட சின்னக் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும்.

காவேரிப்பாக்கம் வலைக்காரர்:
நன்றி அக்கா. தோட்டத்தில் திறந்த வெளியில்தான் செய்யப் போகிறேன், பிள்ளைகளை வரவிட மாட்டேன். முதலில் கழுவி, உலர்த்தி, கரி இல்லாமல் ஊற்றுகிறேன். அச்சின் எந்தக் குழியில் ஒட்டுகிறதோ அங்கே பிசிறு பார்க்கிறேன். அதன் பிறகும் ஒட்டினால் அந்தக் குழிக்கு மட்டும் கரி. முடிந்ததும் அச்சுக்கு எண்ணெய் போட்டு வைக்கலாமா?

ஆற்காடு வார்ப்புக்காரர்:
அந்த ஒரு குழிக்காவது கரி என்றீர்களே, அது போதும் எனக்கு.

சத்துவாச்சாரி டூல்ரூம்:
அலுமினியத்துக்கு எண்ணெய் தேவையில்லை, இரும்பு அச்சாக இருந்தால்தான் துருவுக்காகப் போட வேண்டும். எஃகுக் கம்பிக்கும் கீலுக்கும் மட்டும் லேசாகத் தடவி, அடுத்த முறை ஊற்றும் முன் கம்பியைத் துடைத்துவிடுங்கள். ஒட்டிய குண்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், அலுமினியம் மென்மையானது. கீல் பக்கம் மரக்கட்டையால் தட்டினாலே விழுந்துவிடும்.