பொறிமரங்களில் குளவிக்கு முன்னால் பட்டை வண்டு புகுந்துவிட்டது, நூற்புழு செலுத்தலாமா?

பைன்காடு:
நியூ சவுத் வேல்ஸில் டூமுட் பக்கம் ரேடியாட்டா பைன் தோட்டத்தில் வேலை. 14 வயது மரங்கள், இன்னும் நெருக்கம் குறைக்கவில்லை. சைரெக்ஸ் மரக்குளவியைப் பிடிக்க, வழக்கம்போல முன்கோடையில் களைக்கொல்லி ஏற்றிக் குழுகுழுவாகப் பொறிமரங்கள் வைத்தோம், தளர்ந்த மரத்தைத் தேடிக் குளவி முட்டையிட வரட்டும் என்று. இப்போது பிப்ரவரி. பல குழுக்களில் ஊசியிலை சிவந்துவிட்டது, பட்டை இடுக்கெல்லாம் செம்பழுப்புத் தூள். பட்டையைப் பெயர்த்தால் உள்ளே நீளவாக்கில் ஓடும் சுரங்கங்கள், அதில் சின்னச் சின்ன வண்டுகள். ஐந்துமுள் பட்டை வண்டுதான், இப்ஸ். இலையுதிர் காலத்தில் இந்த மரங்களை வெட்டி, குளவியை மலடாக்கும் நுண்ணிய நூற்புழுவைச் செலுத்த வேண்டும், ஆர்டர் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. மேற்பார்வையாளரோ, "வண்டு பட்டையோடு நின்றுவிடும், குளவிப் புழு கட்டைக்குள் இருக்கும், ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை, செலுத்துங்கள்" என்கிறார். அப்படித்தானா?

கட்டைப்பூசணம்:
சம்பந்தம் நிறைய உண்டு, ஆர்டர் கொடுக்க அவசரப்படாதீர்கள். வண்டு தங்குவது பட்டைக்கு அடியில்தான், ஆனால் அது சுமந்து வரும் பூசணம் அங்கேயே நிற்காது, கட்டைக்குள் இறங்கிவிடும். ஒவ்வொரு குழுவிலும் ஒரு மரத்தை வெட்டி, அடியிலும் நடுவிலும் உச்சிப் பக்கமும் வட்டு அறுத்து, ஈரம் காயும் முன் வெளிச்சத்தில் பாருங்கள். என்ன நிறம், எந்த அளவுக்கு என்று எழுதுங்கள்.

பைன்காடு:
பார்த்தாயிற்று. சாலையோரக் குழுவில் வட்டின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஆப்பு ஆப்பாக நீலச்சாம்பல் கறை, நடு வட்டில் வைரத்தை (மரத்தின் உட்கட்டையை) மட்டும் விட்டுவிட்டு ஏறக்குறைய சுற்றிலும். கட்டையும் கையில் லேசாக இருந்தது. ஓடைப் பக்கக் குழுவில் கறை இல்லை, பட்டைமேல் பிசின் முத்து முத்தாக வடிந்திருக்கிறது, செதுக்கிப் பார்த்தால் பட்டைக்கடியில் ஒடுங்கிய பழுப்புக் கோடுகள்.

கட்டைப்பூசணம்:
நீலக்கறை வண்டு கொண்டுவந்த பூசணம், பிசின் முத்தும் பழுப்புக் கோடும் குளவி வந்ததன் அடையாளம். அப்படியானால் சாலையோரக் குழுவை விட்டுவிடுங்கள், ஓடைப் பக்கக் குழுவில் மட்டும் செலுத்துங்கள்.

காரணம் இதுதான். பெண் குளவி முட்டையிடும்போது ஒருவகைச் சளியையும் அமைலோஸ்டீரியம் பூசணத்தையும் சேர்த்தே மரத்துக்குள் ஏற்றுகிறது. சளி மரத்தைத் தளர்த்தும், பூசணம் பரவும், குளவிப் புழு அந்தப் பூசணத்தை நம்பி வளரும். நாம் விடும் நூற்புழுவுக்கும் சோறு அதே பூசணம்தான். அதைத் தின்று கட்டைக்குள் பெருகி, குளவிப் புழு இருக்கும் இடத்தை எட்டியதும் வேறு உருவம் எடுத்து அதன் உடம்புக்குள் புகுந்துவிடும். பிறகு அந்தப் பெண் குளவி பறந்துபோய் இடுவதெல்லாம் நூற்புழு நிறைந்த மலட்டு முட்டைகள். இந்த வேலை முழுக்க ஒரே ஒரு பூசணத்தின் மேல் நிற்கிறது. இப்ஸ் கொண்டுவருவது ஓபியோஸ்டோமா என்ற நீலக்கறைப் பூசணம், வேகமாகப் பரவும். அது பிடித்த கட்டையில் அமைலோஸ்டீரியம் வளர இடமில்லை, நூற்புழுவுக்குத் தீனி இல்லை. குளவி ஐரோப்பா பக்கத்தது, வண்டு வட அமெரிக்காவிலிருந்து வந்தது. இரண்டு அந்நியப் பூச்சிகளும் ஒரே மரத்தில் சந்தித்தால் அடிபடுவது நாம் கொண்டுவந்த நூற்புழுதான்.

தெற்குவனம்:
இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இப்ஸ் 1943-லேயே தெற்கு ஆஸ்திரேலியாவில் தென்பட்டது, சைரெக்ஸ் 1952-ல் டாஸ்மேனியாவில். குளவி என்ன செய்யும் என்பதற்கு 1987 முதல் 1989 வரை தெற்கு ஆஸ்திரேலியா, விக்டோரியா எல்லையில் செத்த மரங்களே சாட்சி, 50 லட்சத்துக்கு மேல். ஆய்வகத்தில் பல வருடம் பூசணத்தின் மேலேயே வளர்த்ததில் நூற்புழு வீரியம் குறைந்து போயிருந்தது, பிறகு டாஸ்மேனியாவின் கமோனா காட்டிலிருந்து வீரியமுள்ள வகையைத் திரும்ப எடுத்துவந்தார்கள். அதனால்தான் நூற்புழு உண்மையில் குளவிக்குள் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல், செலுத்திய மரங்களின் எண்ணிக்கையை மட்டும் அறிக்கையில் எழுதுவதைக் கண்டால் எனக்கு ஆத்திரமாக வரும்.

சாலையோரக் குழுவுக்குப் பக்கத்தில் சமீபத்தில் மரம் வெட்டினார்களா?

பைன்காடு:
ஆமாம், பக்கத்துப் பகுதியில் வசந்தத்தில் நெருக்கம் குறைத்தார்கள். கிளையும் உச்சியும் அப்படியே கிடக்கின்றன.

தெற்குவனம்:
அங்கேதான் வண்டு பெருகியிருக்கும். புதிதாக வெட்டிப் போட்ட கழிவு அதற்கு நல்ல வளர்ப்பிடம், அங்கிருந்து கிளம்பும் தலைமுறைக்கு நீங்கள் களைக்கொல்லி ஏற்றித் தளர்த்திய மரம் தயாராக நிற்கிறது. அடுத்த வருடம் புதுக் கழிவு கிடக்கும் பகுதியை விட்டுத் தள்ளிப் பொறிமரம் வையுங்கள். களைக்கொல்லி ஏற்றுவதையும் குளவி பறக்கும் காலத்துக்கு நெருக்கமாகத் தள்ளிப்போடுங்கள். சீக்கிரம் ஏற்றினால் வண்டுக்கு அவகாசம் கிடைத்துவிடும்.

பைன்காடு:
சரி, இந்த வருடம் குழுக்கள் குறைந்துவிடுமே, மிச்ச நூற்புழுவை எங்கே செலுத்துவது?

கட்டைப்பூசணம்:
குளவி தானாகத் தாக்கிய மரங்களைத் தேடுங்கள். நெருக்கமான தோட்டத்தில் பெரிய மரங்களின் நிழலில் நலிந்து நிற்பவைதான் முதலில் விழும். பிசின் முத்து, மேலிருந்து மஞ்சளாகும் உச்சி, பட்டைக்கடியில் அந்தப் பழுப்புக் கோடு, இவை இருந்து வட்டில் நீலம் இல்லாவிட்டால் வெட்டிச் செலுத்தலாம். எத்தனை தேறுகிறது என்று எண்ணிய பிறகு ஆர்டர் கொடுங்கள், அது உயிருள்ள சரக்கு, வந்ததும் குளிரில் வைத்துச் சீக்கிரம் பயன்படுத்த வேண்டும். மேற்பார்வையாளரிடம் அந்த இரண்டு வட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.