தூக்கமின்மைக்காக மனநல மருத்துவரிடம் சென்ற அனுபவம்

மனநல மருத்துவரிடம் போனால் தூக்க மாத்திரைதான் எழுதுவார்கள், பிறகு அதை விடவே முடியாது என்று அஞ்சித் தயங்குகிறவர்களுக்காக, எனக்குக் கிடைத்த சிகிச்சையைப் பகிர்கிறேன்.

நள்ளிரவில் நெஞ்சு படபடக்க விழித்து, விடியும்வரை அலுவலகத்தையும் பிள்ளைகளின் படிப்பையும் எண்ணி உழல்வது வழக்கமாகிவிட்டிருந்தது. ஈசிஜி சீராக இருந்ததைப் பார்த்த குடும்ப மருத்துவர்தான் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கிருந்த மருத்துவர் என்னிடம் காபிப் பழக்கத்தையும் தைராய்டையும் பற்றி விசாரித்தார். உறக்கத்தில் மூச்சு தடைப்பட்டாலும் இப்படி விழிப்பு வரும் என்பதால், நான் குறட்டை விடுவதுண்டா என்று என் மனைவியிடம் கேட்டார்.

மனப்பதற்றத்துக்கு எஸ்சிட்டலோபிராம் என்ற மாத்திரை குறைந்த அளவில் தொடங்கப்பட்டது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், தொடக்கத்தில் குமட்டலும் படபடப்பும் சற்றுக் கூடலாம், அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால்தான் அந்த நாட்களைக் கடக்க முடிந்தது. அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற, பதற்றத்தைத் தணித்து உறக்கம் வரச்செய்யும் மாத்திரைகள் பழக்கமாகிவிடக்கூடியவை என்பதால் எனக்கு அவற்றை அவர் எழுதவில்லை.

தூக்கத்துக்கான சிகிச்சையை அளித்தவர் அங்கிருந்த உளவியலாளர். படுத்த நேரம், உறங்கிய நேரம், விழித்த நேரம் ஆகியவற்றை நாள்தோறும் குறித்துவரச் சொல்லி, எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் ஐந்தரை மணி நேரமே உறங்குகிறேன் என்பதைக் காட்டினார். பின்னர், இரவு 12 மணிக்கு முன் படுக்கக் கூடாது, காலை 5.30க்கு எழுந்துவிட வேண்டும், பகலில் கண்ணயரக் கூடாது, படுத்துச் சுமார் 20 நிமிடங்களாகியும் உறக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் அமர வேண்டும் என்று விதித்தார். தூக்கம் வராதவனைக் குறைவாகத் தூங்கச் சொல்வது கொடுமையாகவே பட்டது. பகலில் கண் சொருகியதால் வண்டி ஓட்டுவதையும் நிறுத்திவைத்தேன். ஆனால் படுக்கையில் புரளும் நேரம் நாளடைவில் சுருங்கியது. படுத்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி உறக்கத்திலேயே கழியத் தொடங்கியதும், படுக்கை நேரத்தை வாரத்துக்கு 15 நிமிடமாகக் கூட்டிக்கொண்டே வந்தார்.

வலிப்பு நோயோ, மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயோ உள்ளவர்களுக்குத் தூக்கக் குறைவே ஆபத்தாகலாம் என்பதால், இம்முறையை யாரும் தாமாகத் தொடங்க வேண்டாம் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன். நேரில் செல்லத் தயங்குகிறவர்கள் மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.