சேமவில்லா, துணைவில்லா, ஹெல்பர் பட்டையா?

ஹூஸ்டன், தமிழ்ப்பள்ளி ஆசிரியை:

நண்பர்களுக்கு வணக்கம்.

மேல்நிலை வகுப்புக்கு "வீட்டில் நான் செய்த ஒரு வேலை" என்று கட்டுரை கொடுத்திருந்தேன். ஒரு பையன், அப்பாவோடு சேர்ந்து எஃப்-150 பிக்கப்பின் பின்பக்கத்தைச் சரிசெய்ததை எழுதியிருக்கிறான். படகு ஏற்றிய டிரெய்லரைக் கால்வெஸ்டன் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போவார்களாம். மாட்டியதும் வண்டியின் பின்புறம் அமுங்கி, முன்புறம் தூக்கிக்கொள்கிறது. இரவில் விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கிறது. அதனால் பின் அச்சுக்கும் மேலே உள்ள சட்டத்துக்கும் நடுவே, ஏற்கெனவே இருந்த ரப்பர் கட்டையைக் கழற்றிவிட்டு, பக்கத்துக்கு ஒன்றாகக் காற்றடிக்கும் ரப்பர் பை வைத்திருக்கிறார்கள். வண்டியைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங், அதாவது அடுக்கிய எஃகுப் பட்டைகள், அப்படியே இருக்கிறது. இது அதற்கு ஒத்தாசை.

ஏர் ஹெல்பர் ஸ்பிரிங் என்பதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டான். நான் திருத்த வேண்டும், எனக்கே சொல் தெரியவில்லை. சனிக்கிழமை வகுப்பு. இன்னொரு சொல்லும் வேண்டும்: டிரெய்லரின் முன்கம்பி வண்டிக் கொக்கியின்மேல் அழுத்துகிற எடை. 5,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 500 முதல் 750 பவுண்டு வரை அங்கே இறங்குவதுதான் முறையாம்.

கோவை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, இதற்குச் சொல் தேடி வெளியே போகவே வேண்டாம். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், உப்பு விற்கும் உமணர் வண்டியின் அடியில் "சேமஅச்சு" கட்டிக்கொண்டு போவதைச் சொல்கிறார். பாரம் பெரிது, எருதுகள் இளையவை, பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன ஆகுமோ என்ற முன்யோசனை. இருக்கிற அச்சுக்குக் கீழே இன்னொரு அச்சு. இருக்கிற வில்லோடு இன்னொரு வில். சேமவில் என்று எழுதச் சொல்லுங்கள். பையனுக்கு அந்தப் பாட்டையும் சொல்லிக் கொடுங்கள்.

நாமக்கல், லாரிப் பட்டறை:

ஐயாவுக்கு வணக்கம். பாட்டு அருமை. ஆனால் சேமஅச்சு, இருக்கிற அச்சு ஒடிந்தால் எடுத்து மாட்டுவது. இன்றைக்கு அதைத்தான் ஸ்டெப்னி என்கிறோம். ஹெல்பர் அது இல்லை.

லாரியில் மெயின் செட்டுக்கு, அதாவது எப்போதும் பாரம் தாங்கும் பட்டை அடுக்குக்கு, மேலே ஹெல்பர் பட்டை உட்கார்ந்திருக்கும். வெறும் வண்டியில் அதன் இரண்டு நுனியும் எதையும் தொடாது. பாரம் ஏறி மெயின் செட் அமுங்கிய பிறகுதான் நுனிகள் சட்டத்தில் உள்ள தாங்கியில் போய் முட்டும், அப்புறம்தான் அது வேலை செய்யும். ஒடிந்தால் மாற்றுவதற்கு இல்லை, ஒடியாமல் இருப்பதற்கு. பட்டறைக்கு வருகிற சின்னப் பையனுக்கும் ஹெல்பர் பட்டை என்றால் தெரியும். புரிகிற சொல்லை எதற்கு மாற்ற வேண்டும்?

அம்மாவின் இரண்டாவது கேள்விக்குப் பதில் மாட்டுவண்டியில் இருக்கிறது: முன்பாரம். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து அமுங்கும், பின்பாரம் அதிகமானால் நுகம் மேலே தூக்கும். டிரெய்லருக்கும் அதே கணக்குத்தான். பின்பாரமாக ஏற்றிய டிரெய்லர் ரோட்டில் வாலாட்டும்.

யாழ்ப்பாணம், பௌதிகவியல் ஆசிரியர்:

முன்பாரம் மிக நல்ல சொல். ஒரு சிறு குறிப்பு மட்டும்: டிரெய்லருக்கு முன்பாரமாக இருப்பது பிக்கப்புக்குப் பின்பாரமாக வந்து சேர்கிறது. அதுவும் பின் அச்சுக்கு அப்பால் தொங்குவதால், நெம்புகோல்போல முன்சில்லுகளின் சுமையைக் குறைத்துவிடும். திருப்பும் பிடியும் குறையும். மாணவன் எந்த வாகனத்தின் பாரம் என்று தெளிவாக எழுதட்டும்.

ஸ்பிரிங்குக்கு எங்கள் பக்கம் வில் என்பதே வழக்கம். ஸ்பிரிங் தராசை விற்றராசு என்று படிப்பிக்கிறோம். தமிழ்நாட்டிலும் வில்வண்டி என்று சொன்னீர்கள்தானே? 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி பொதுவழியில் ஓட்டிச் சென்றதும் வில்லுவண்டிதான். ஆகவே வில் என்றால் விளங்காது என்று சொல்ல இயலாது. எனது முன்மொழிவு: துணைவில். காற்று உள்ளது என்றால் காற்றுத் துணைவில்.

கோவை:

நாமக்கல் நண்பர் சொன்ன வேறுபாட்டை ஏற்கிறேன். ஆனால் காற்றுப் பையை வில் என்பது பொருந்துமா? வில் வளையும், பை உப்பும். கொல்லர் உலையில் துருத்தி இருக்கிறதே! தோலால் செய்து காற்றை அடக்குவது. இன்றைய ரப்பர் பையும் மடிப்பு மடிப்பாக அதே உருவம். துணைத்துருத்தி என்றால் படமே கண்ணில் வரும்.

துருத்திக்கு ஆற்றிடைக்குறை என்ற பொருளும் உண்டு. காவிரிக் கரையில் திருப்பூந்துருத்தி இருக்கிறது. குத்தாலத்துக்கும் பழம்பெயர் திருத்துருத்தி. துருத்திக்கொண்டு நிற்பது என்ற வினையிலிருந்தே இவை எல்லாம் கிளைத்தன என்று நினைக்கிறேன். நீருக்கு நடுவே மேடு துருத்துகிறது, உலையருகே தோல்பை துருத்துகிறது, இங்கே அச்சுக்கு மேலே ரப்பர் துருத்துகிறது.

யாழ்ப்பாணம்:

ஐயா, துருத்தியின் தொழில் காற்றை வெளியே ஊதுவது. இந்தப் பை காற்றை விடாமல் பிடித்துவைக்க வேண்டும். ஊதினால் பழுது.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

இலக்கணம் எல்லாம் சரி. வாங்குகிறவருக்கு உடனே புரிய வேண்டும் என்றால் "சுமைகூட்டி" போதுமே. கூடுதல் சுமை ஏற்றத்தானே இதை மாட்டுகிறார்கள்?

டல்லாஸ், இயந்திரப் பொறியாளர்:

சுமைகூட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். இந்த இழையில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இது ஒன்றைத்தான்.

இந்தப் பை வண்டியின் சாய்வைச் சரிசெய்கிறது. ஏற்றக்கூடிய எடையைக் கூட்டுவதில்லை. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள எடைதான் எல்லை. அச்சு, சக்கரம், டயர், பிரேக், சட்டம் எல்லாம் பழையபடியே இருக்கின்றன. முன்பு பின்புறம் அமுங்கி "போதும்" என்று காட்டியது. பை வைத்தபின் அந்த அடையாளமும் மறைந்துவிடுகிறது. வண்டி மட்டமாக நிற்பதைப் பார்த்து இன்னும் ஏற்றுகிறார்கள். பெயரிலேயே "சுமை கூட்டலாம்" என்று சொல்லிவிட்டால் தாளில் எத்தனை எச்சரிக்கை எழுதி என்ன பயன்?

துணை என்ற சொல் அளவோடு நிற்கிறது. என் வாக்கு துணைவில்லுக்கு. பை உப்புகிறதே என்று கோவை ஐயா கேட்டார். அமுக்கினால் எதிர்த்துத் தள்ளி, விட்டால் பழைய நிலைக்கு வருவது எதுவோ அது வில். சுருளும் வளைவதில்லை, முறுக்கிக்கொள்கிறது. அதைச் சுருள்வில் என்று ஒப்புக்கொண்டோமே.

நாமக்கல்:

டல்லாஸ் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. பட்டை கூட்டிப் போட்டுவிட்டு அச்சு ஒடிந்து வந்த வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன்.

சொல்லில் மட்டும் எனக்கு மனம் ஒப்பவில்லை. பழைய ஆட்கள் லீஃப் ஸ்பிரிங்கைக் கமான் பட்டை என்பார்கள். கமான் பாரசீகச் சொல், பொருள் வில். நீங்கள் ஏட்டிலிருந்து எடுத்ததும் எங்கள் ஆட்கள் வாயில் இருந்ததும் ஒன்றேதான். அப்படியிருக்க, பட்டறைச் சொல்லை மட்டும் ஏன் தள்ளி வைக்கிறீர்கள்? துணைப்பட்டை என்றால் நாளைக்கே சொல்லத் தயார். துணைவில் என்று கேட்டு வந்தால் எங்கள் கடையில் முழிப்பார்கள்.

ஹூஸ்டன்:

எல்லோருக்கும் நன்றி. பையனிடம் மூன்று சொல்லையும் சொன்னேன். அவன் வண்டியில் இருப்பது பட்டை இல்லை, பை என்பதால் துணைப்பட்டை பொருந்தாது என்று அவனே சொல்லிவிட்டான். "காற்றுத் துணைவில்" என்று எழுதி, முதல் முறை வரும் இடத்தில் "பட்டறையில் ஹெல்பர் என்பார்கள்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறான். முன்பாரம் அப்படியே போகிறது. டிரெய்லர் மாட்டாத நாளிலும் பையில் 5 பிஎஸ்ஐ காற்றாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் ரப்பர் மடிந்து கிழியும் என்று கருவியோடு வந்த தாளைப் பார்த்து எழுதியிருக்கிறான். கதவுத் தூண் எடையைச் சேர்க்கச் சொன்னேன், போய்ப் பார்த்து எழுதி வருகிறேன் என்றான்.

கோவை:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். துருத்தியை மட்டும் நான் விடுவதாக இல்லை. பேருந்துகளில் பட்டையே இல்லாமல் காற்றுப் பை மட்டும் தாங்குகிறதே, அங்கே அது எதற்கும் துணை இல்லை. அதற்குப் பெயர் வைக்கும்போது மறுபடி வருகிறேன்.