பரண்மேல் ஒரு தேக்குச் சக்கரம்

மரவாடி மகன் (மைசூர் ரோடு):

எங்கள் மரவாடியில் பேண்ட் சா மிஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மேலும் கீழுமாக இரண்டு சக்கரங்கள், அவற்றைச் சுற்றி வளையமாக ஓடும் வாள். அதன் மேல் சக்கரத்தில் ஒருநாள் விரிசல் கண்டது. நடுவையும் விளிம்பையும் இணைக்கிற ஆரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. ஆபரேட்டர் அண்ணன் சத்தம் மாறியதை வைத்தே நிறுத்திவிட்டார். அப்பா மிஷினின் காலைத் துடைத்துக் காட்டினார். வார்ப்பிலேயே புடைத்து நின்ற எழுத்தில் ஒரு பட்டறையின் பெயரும் 'பெங்களூர்' என்பதும் இருந்தன. "செஞ்சவங்களையே போய்ப் பாருடா" என்றார்.

ராஜாஜிநகரில் ஒரு சந்துக்குள் தகரக் கூரை போட்ட பவுண்டரி, அதாவது இரும்பு வார்க்கும் பட்டறை அது. நான் போனது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். பெரியவர் ஒருவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வேலூர் பக்கத்துத் தமிழ், நடுநடுவே கன்னடம். நான் உடைந்த சக்கரத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மேல் சக்கரமா, கீழ்ச் சக்கரமா தம்பி?" விட்டம் ஒன்றுதானே, எதுவானால் என்ன என்று நினைத்தேன். விவரம் தெரியாமல் வாயைத் திறந்து சொல்லியும்விட்டேன்.

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கீழ்ச் சக்கரத்தைத்தான் மோட்டார் சுழற்றும், அது கனமாக இருந்தால் கட்டைக்குள் வாள் திணறும்போது வேகம் குறையாமல் இழுத்துக் கொடுக்கும் என்றார். மேல் சக்கரம் வாளின் இழுப்பில் சும்மா சுற்றுவது. அதுவும் கனமாக இருந்துவிட்டால், வாள் மெதுவாகும் நேரத்தில் தன் வேகத்திலேயே ஓடி, அறுக்கிற பக்கத்தில் வாளைத் தொய்ய வைத்துவிடும். தொய்ந்த வாள் நெளிந்து போகும், பலகை அலை அலையாக வரும். எங்கள் அப்பா இருபது வருடம் மரம் அறுத்தவர். அவருக்கே இது தெரியாது என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு பையனைப் பரணில் ஏற்றினார். மேலே இருந்து தேக்கில் செய்த சக்கரம் ஒன்று இறங்கியது. அதுதான் பேட்டர்ன். அதை மண்ணில் பதித்து எடுத்து, அந்தப் பள்ளத்தில்தான் இரும்பை ஊற்றுவார்கள். ஆரங்கள் நேராக இல்லை, வில் மாதிரி வளைந்திருந்தன. அழகுக்கு என்று நினைத்திருந்தேன். மெல்லிய விளிம்பு முதலில் ஆறிவிடும், நடுவில் இருக்கும் தடித்த குடம் கடைசியில் ஆறும், அந்த இழுபறியில் நேரான ஆரம் வெடித்துவிடும், வளைந்தது கொஞ்சம் நிமிர்ந்து கொடுக்கும் என்றார். உடைந்த எங்கள் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். நல்ல ஆரம் மணி மாதிரி ஒலிக்கும், கெட்டது ஓட்டைப் பானை மாதிரி.

இந்தக் குடும்பம் இந்தத் தொழிலுக்கு வந்த கதையையும் அன்றுதான் கேட்டேன். அவருடைய அப்பா கன்டோன்மென்டில் வண்டிச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டா அடித்துக்கொண்டிருந்த கொல்லர். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் சீமையிலிருந்து உதிரி பாகம் வருவது நின்றுபோனது. பேம்பூ பஜார் பக்கத்தில் ஒரு மர வியாபாரியின் இங்கிலீஷ் மிஷின் சக்கரம் உடைய, "இதே மாதிரி ஒண்ணு ஊத்திக் கொடு" என்று வந்து நின்றாராம். இவரும் உடைந்ததையே ஒட்டவைத்து, அதையே பேட்டர்னாக மண்ணில் பதித்து ஊற்றிவிட்டார். ஆறியதும் அளந்து பார்த்தால் மூன்று நூல் குறைச்சல்! (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல்.) வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு ஒரு நூல் சுருங்கும், 36 அங்குலத்துக்கு மூன்று நூல். லேத்தில் கடைந்து சரிசெய்ய விட வேண்டிய கூடுதல் தடிப்பும் இல்லை. அந்தச் சக்கரத்தை வெகுநாள் வாசலில் போட்டு, வருகிறவர்கள் உட்காரப் பயன்படுத்தினார்களாம். நான் அதன்மேல்தான் உட்கார்ந்து இவ்வளவையும் கேட்டேன் என்பது எழுந்தபிறகுதான் தெரிந்தது.

மோல்டர் மகள் (ஸ்ரீராமபுரம்):

படித்ததும் கை தானாக டைப் அடிக்கிறது. என் அப்பா இதே மாதிரி ஒரு பவுண்டரியில் மோல்டர், மண்ணில் அச்சு பதிப்பவர். எந்தப் பட்டறை என்று எழுதப் போவதில்லை.

ஊற்றுகிற நாள் வாரத்தில் ஒன்று. அன்றைக்கு அப்பா நாலு மணிக்கே போய்விடுவார். இரும்பை உருக்கும் கியூப்போலா என்பது ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு உயர்ந்த இரும்புக் குழாய், உள்ளே நெருப்புச் செங்கல். அடியில் விறகு மூட்டி, கோக் கரியைப் பற்றவைத்து, மேலிருந்து கோக், பிக் அயர்ன் எனும் கச்சா இரும்புக் கட்டி, உடைசல், சுண்ணாம்புக்கல் என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். உடைசலில் தையல் மிஷின் கால்கூட இருக்கும். சுண்ணாம்புக்கல் அழுக்கையெல்லாம் கசடாக்கிப் பிரித்துவிடும். மதியத்துக்குமேல் களிமண் அடைப்பைக் கம்பியால் குத்தினால் இரும்பு ஓடிவரும். 1,300 டிகிரிக்குமேல் சூடு. நாங்கள் மதியச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் கேட் ஓரமாக நின்று பார்ப்போம். வார்ப்புக்குள் துளை விழ வைக்கும் கோர் என்ற மண் கட்டைக்கான மண்ணில் வெல்லப்பாகுக் கழிவு கலப்பார்கள், அது தீயும்போது வரும் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. கோயில் பொங்கல் அடிப்பிடித்த மாதிரி.

மண்ணை ஒரு பிடி பிடித்து, கையைத் திறந்து, விரல் தடம் நிற்கிறதா, உடைத்தால் சுத்தமாக உடைகிறதா என்று அப்பா பார்ப்பார். ஈரம் அதிகமானால் ஆபத்து. தண்ணீர் ஆவியாகும்போது 1,600, 1,700 மடங்கு விரியுமாம், அதற்கு வழி இல்லையென்றால் அச்சு வெடிக்கும். ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி, அப்பாவின் அச்சு அப்படித்தான் வெடித்தது. பாதத்தில் தெறித்தது. கேன்வாஸ் ஷூகூடக் கொடுத்திருக்கவில்லை. ஆறு வாரம் வீட்டில் கிடந்தார். முதல் வாரம் சம்பளம் வந்தது, அப்புறம் முதலாளியின் தம்பி வந்து ஆப்பிள் கொடுத்துவிட்டுப் போனார். குடும்பத் தொழில், எல்லாரும் ஒரே வீடு மாதிரி என்று சொல்வார்கள். எங்களுக்கு அந்த வீட்டில் திண்ணைதான்.

ஆனால் அப்பாவுக்கு அந்த வேலைமேல் இருந்த கர்வமும் நிஜம். மைசூர் ரோடு வழியாகப் பஸ்ஸில் போகும்போது மரவாடிகளைப் பார்த்து, "அங்க ஓடுறது நான் பதிச்ச சக்கரம்" என்பார். எது என்று எப்படித் தெரியும்? கேட்டால் பதில் வராது.

சாணைக்காரன்:

நான் வாள் பல் தீட்டி, பற்களை இருபக்கமும் மாற்றி மாற்றிச் சாய்த்து செட் வைத்து முப்பது வருடம் ஓட்டியவன். எல்லாரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் குறையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கால உள்ளூர் சக்கரங்களில் பாதி பேலன்ஸ் சரியில்லாமல் வரும். விளிம்பில் ஓட்டை போட்டு ஈயம் ஊற்றிச் சரி செய்வது எங்கள் தலையில்தான். ஆனால் ஒன்று, வார்ப்பிரும்புக் காலில் உட்கார்ந்த மிஷின் அதிராது. அதில் கலந்திருக்கும் கிராஃபைட் அதிர்வைத் தின்றுவிடும். இப்போது தகடு வெல்டிங் செய்து வருகிற மிஷின்களில் டீ டம்ளர் வைத்தால் நடந்து போகும்.

பேண்ட் சா வருவதற்குமுன் வட்ட ரம்பம். ஒரு அறுப்புக்குக் கால் அங்குல மரம் தூளாகப் போகும். பேண்ட் சாவில் அதில் பாதிகூடப் போகாது. ஈட்டி மரத்தில் அது எவ்வளவு காசு என்று மரவாடி மகனுக்கே தெரியும்.

பட்டறை வீட்டுப் பெண்:

நான் அந்தப் பெரியவரின் பேத்தி. இரண்டு நாளாக யோசித்து இதை எழுதுகிறேன். மோல்டர் மகள் சொன்னது எங்கள் பட்டறையாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். எங்களிடமும் ஷூ கொடுத்ததில்லை.

தாத்தா பத்ராவதி பிக் அயர்ன் என்றால் முகம் மலர்வார். 1923-ல் மைசூர் சமஸ்தானம் அங்கே தொடங்கிய உலை மலைநாட்டுக் காட்டு மரக்கரியில் எரிந்தது. கரியில் உருகிய இரும்பில் கந்தகம் குறைவு, வார்த்தால் பட்டு மாதிரி வரும் என்பார். மரம் எரித்து எடுத்த இரும்பில் மரம் அறுக்கிற மிஷின் செய்கிறோமே என்று பாட்டி கேலி செய்வாள்.

மிஷின் செய்வதை நிறுத்தியதற்கு ஒரே காரணம் கிடையாது. 1996 டிசம்பரில் காடுகளைக் காக்கும் கோதாவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதிலிருந்தே சா மில்களுக்கு லைசென்ஸ் கெடுபிடி. 2002 அக்டோபரில், அந்த நீதிமன்றமே அமைத்த மத்திய அதிகாரக் குழுவின் அனுமதி இல்லாமல் புது சா மில்லே திறக்கக்கூடாது என்று வந்தது. காட்டுக்கு நல்லதுதான், நான் குறை சொல்லமாட்டேன். புது மில் இல்லையென்றால் புது மிஷின் யாருக்கு? அப்பா பீன்யாவில் இண்டக்ஷன் பர்னஸ் என்ற மின்சார உலை போட்டு பம்பு வார்ப்புக்கு மாறினார்.

பேட்டர்ன்களில் முக்கால்வாசி ஒரு அலங்காரப் பொருள் வியாபாரி எடைக்கு வாங்கிப் போனார். இந்திராநகரில் ஒரு காபி கடைச் சுவரில் எங்கள் கியர் பேட்டர்ன் தொங்குவதை நானே பார்த்தேன். காபி முந்நூறு ரூபாய். குடித்துவிட்டு வந்தேன்.

மரவாடி மகன்:

அம்மா, 36 அங்குலச் சக்கரமும் போய்விட்டதா? வளைந்த ஆரம், ஆறு இருக்கும்.

பட்டறை வீட்டுப் பெண்:

அது இருக்கிறது. குடத்தின் உள்பக்கம் பேட்டர்ன் மேஸ்திரி கன்னடத்தில் 'மேலே' என்று பென்சிலில் எழுதியிருப்பார். அதன் கீழே தாத்தா தமிழில் 'லேசு, மறக்காதே' என்று எழுதியிருக்கிறார். சக்கரம் வேண்டுமா, பார்க்க வேண்டுமா என்று சொல்லுங்கள். ஊற்றுவதாக இருந்தால் வியாழக்கிழமை.