கெய்ரோ பழைய நகரம்: வெள்ளிக்கிழமைச் சுற்றுலாவை எப்படி வகுப்பது?

வணக்கம். நவம்பரில் பெற்றோருடன் கெய்ரோ செல்கிறோம். பழைய இஸ்லாமிய நகரத்தை வழிகாட்டியுடன் பார்ப்பதற்குக் கிடைத்திருக்கும் ஒரே முழு நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்துவிட்டதுதான் சிக்கல். வெள்ளிக்கிழமை நண்பகல் கூட்டுத் தொழுகையான ஜும்ஆ வேளையில் பள்ளிவாசல்களுக்குள் சுற்றுலாப் பயணிகளை அனுமதிப்பதில்லை. சுற்றுலா நிறுவனம் அனுப்பிய நிரலிலோ காலையில் கான் அல்-கலீலி கடைவீதி, நண்பகலில் சுல்தான் ஹசன் பள்ளிவாசல் என்று இருக்கிறது. கடைவீதி எங்கே ஓடிவிடப் போகிறது?

சுற்றுலா நாளை மாற்றித் தரும்படி நிறுவனத்திடம் கேட்டோம். மறுநாள் காலையில் லக்சருக்கு விமானம் இருப்பதால் இயலவில்லை. நிரலைத் தலைகீழாக மாற்றக் கேட்டதற்கு, வண்டி ஏற்பாடு அப்படித்தான் என்று பதில் வந்தது. பள்ளிவாசல்களில் அனுமதி இல்லாத நேரம் எது என்று தங்கப்போகும் விடுதியில் விசாரித்தபோது ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். ஆகவே அன்று மட்டும் தனி வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ள எண்ணியிருக்கிறோம்.

அம்மாவுக்கு மூட்டுவலி, சமதளத்தில் மெதுவாக நடக்க இயலும், படியேற இயலாது. எனவே 1092இல் எழுந்த பழைய நகரவாயிலான ஸுவைலா வாயிலின் மேல்தளமும், இப்னு துலூன் பள்ளிவாசலில் படிகள் வெளிப்புறமாகச் சுற்றியேறும் மினாரா கோபுரமும் வேண்டாம். ஆனால் 879இல் நிறைவடைந்த அந்தப் பள்ளிவாசலின் அகன்ற முற்றத்தையும், 1356இல் கட்டத் தொடங்கிய சுல்தான் ஹசன் பள்ளிவாசலின் நான்கு பெரும் வளைவு மண்டபங்களையும், அல்-முயிஸ் தெருவில் சுல்தான் கலாவூனின் கல்லறையும் மதரஸாவும் அடங்கிய கலாவூன் வளாகத்தையும் விட மனமில்லை. சலாஹுத்தீன் கோட்டையைத் தொலைவிலிருந்து பார்த்தாலே போதும்.

காலையில் இப்னு துலூன், அடுத்து சுல்தான் ஹசன், தொழுகை முடியும்வரை மதிய உணவு, பிற்பகலில் வடக்கு நகரவாயிலான ஃபுதூஹ் வாயிலிலிருந்து தெற்கு நோக்கி அல்-முயிஸ் தெரு என்னும் இந்த வரிசை வெள்ளிக்கிழமையில் நடைமுறைக்கு ஒத்துவருமா?