கலைச்சொல் உதவி: 'சடங்குப் படை'க்கு வேறு சொல்?

அட்டன், ஆசிரியை:
வணக்கம். தரம் 9 பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் கிரேக்கத் தலைநகர் ஏதென்ஸில் காவல் நிற்கும் எவ்சோன் வீரரின் படம் இருக்கிறது: 400 மடிப்பு வைத்த வெள்ளைப் பாவாடை, நுனியில் கறுப்புக் குஞ்சம் வைத்த சப்பாத்து. மரியாதைக்காக நிற்கும் இந்தப் பிரிவையும் அதன் உடையையும் எப்படி எழுதுவது? 'சடங்குப் படை' என்றேன், வகுப்பே சிரித்துவிட்டது. இங்கே சடங்கு என்றால் பெரிய பிள்ளையானதற்குச் செய்வதுதானே.

கண்டி:
டீச்சர், வேளைக்காரர் என்று எழுதுங்கள். பொலன்னறுவையில் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டே நிற்கிறது, தலதாவை, அதாவது புத்தரின் புனிதப் பல்லை, காப்போம் என்று வேளைக்காரப் படை உறுதி கொடுத்தது. அந்தத் தலதா இன்று எங்கள் ஊரில். வேளை வந்தால் உயிர் கொடுப்பவர் வேளைக்காரர். வேள், வேள்வி, வேளிர், வேளாண்மை எல்லாமே அந்த வேர்தான் என்பது என் துணிபு. விரிவாக நாளை எழுதுகிறேன்.

பதுளை:
ஐயா, விஜயபாகு மன்னன் சோழர்மேல் அனுப்பியபோது கலகம் செய்தவர்கள் வேளைக்காரர். அவர்கள் மெய்யான போர்ப்படை. அப்புறம், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் காதில் அது 'வேலைக்காரர்' என்றுதான் விழும். அந்தப் பெயரை அவர்கள் தலையில் திரும்பவும் கட்ட வேண்டாம்.

எங்கள் தோட்டங்களில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் 'பெரட்டு' இருக்கிறதே. விடியப்புறம் பனியில் அம்மா கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு ஓடுவார். வரிசையில் நிற்பார்கள், கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார். பரேட்தான் பெரட்டு ஆனது என்று நினைக்கிறேன். வரிசையும் பார்வையிடலும் இரண்டிலும் ஒன்றே. பெரட்டுப் படை, பெரட்டு உடுப்பு: எந்தப் பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படாது.

கண்டி:
இங்கிலீசு சிதைந்து வந்த சொல்லைக் கலைச்சொல்லாக ஏற்க முடியாது. 'அணிவகுப்புப் படை' இருக்கிறதே?

அட்டன், ஆசிரியை:
சுதந்திர தினத்தில் எல்லாப் படையும்தான் அணிவகுக்கிறது, ஐயா. இந்தப் பிரிவு தனியாகத் தெரியாது.

நுவரெலியா:
'வைபவக் காவலணி', 'வைபவ உடை'. வடசொல்தான், ஆனால் கலியாணக் கார்டில் எல்லாரும் வாசித்த சொல்.

அட்டன், ஆசிரியை:
சரி, மூன்று பேர் தனிமடலிலும் இதையே சொன்னார்கள். வைபவக் காவலணி என்றே அனுப்புகிறேன். கண்டி ஐயா மன்னிக்க வேண்டும்.

பதுளை:
எனக்கு இன்னும் உடன்பாடில்லை. டீச்சர், விடைத்தாளில் ஒரு பிள்ளை 'பெரட்டு உடுப்பு' என்று எழுதினால் பிழை போடாதீர்கள்.